உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டிப் போகும் மொய்

முகூர்த்த நாளில் தேவதானப்பட்டியில் எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் வாசலோரம் ஒரு மேசை. மேசை மேல் நீள நோட்டு, முதல் பக்கத்து மூலையில் மஞ்சள். பக்கத்தில் வெற்றிலைத் தட்டு, பணம் போட ஒரு துணிப்பை. எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமலே கேட்பார்: "எந்த ஊருண்ணே?" ஊர் முதலில், பேர் அடுத்து, தொகை கடைசியில். இன்று நாம் எழுதிய மொய் அந்த வீட்டு நோட்டில் இருக்கும். நாளைக்கு நம் வீட்டில் காதுகுத்து என்றால், அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் கிளம்புவார்கள். இதற்கு நம் பக்கம் பேர் செய்முறை.

நாடுகளுக்கு நடுவிலும் இப்படி ஒரு நோட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் கூட்டமைப்புகளோடு இந்தியா பாதுகாப்பு உறவு வைத்த கதை அதில் இருக்கிறது. சில பக்கங்கள் நம் தமிழ்நாட்டிலேயே எழுதப்பட்டவை. புரட்டுவோமா?

கொண்டான் கொடுத்தானா, செய்முறையா?

ராணுவக் கூட்டணி என்பது கொண்டான் கொடுத்தான் உறவு. ஒரு வீட்டில் அடி விழுந்தால் மறு வீடு கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தாக வேண்டும். 1949 ஏப்ரல் 4-ல் பிறந்த நேட்டோ இந்த ரகம். உறுப்பு நாடு ஒன்றைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகவே கொள்வோம் என்கிறது அதன் ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு. அந்தப் பிரிவைக் கையில் எடுத்தது ஒரே ஒரு முறை: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக.

இந்தியா இப்படி எந்தக் கூட்டணியிலும் இல்லை. அது வைத்திருப்பது செய்முறை உறவு. வருவோம், செய்வோம், கூட நிற்போம். உங்கள் சண்டைக்கெல்லாம் கம்பு தூக்குவோம் என்று சத்தியம் மட்டும் செய்யமாட்டோம்.

சத்தியத்துக்கு மிக அருகில்

அப்படி ஒரு சத்தியத்துக்கு இந்தியா மிக நெருங்கிப் போனது 1971 ஆகஸ்ட் 9-ல். சோவியத் ஒன்றியத்தோடு டெல்லியில் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தம் அது. அதன் 9-வது பிரிவுகூட, ஒருவர் மீது தாக்குதலோ மிரட்டலோ வந்தால் இருவரும் உடனே கலந்து பேசித் தக்க நடவடிக்கை எடுப்பார்கள் என்றுதான் சொன்னது. படை அனுப்பியே தீருவோம் என்று சொல்லவில்லை. நான்கே மாதத்தில் வங்கதேசப் போர் வந்தது.

ஊர் பேரில் சங்கம், ஊர்க்காரர் இல்லை

1954-ல் மணிலாவில் தொடங்கிய 'தென்கிழக்கு ஆசிய ஒப்பந்த அமைப்பு', அதாவது சீட்டோ. உறுப்பினர் எட்டுப் பேர்: அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பாகிஸ்தான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ். எண்ணிப் பாருங்கள், தென்கிழக்கு ஆசிய நாடுகள் இரண்டே இரண்டு! 1977-ல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

முப்பது வருடப் படிக்கட்டு

அதே வட்டாரத்தில், அந்த ஊர்க்காரர்களே 1967 ஆகஸ்ட் 8-ல் பாங்காக்கில் தொடங்கியது ஆசியான். இன்றுவரை நிற்கிறது. அதன் வாசலில் இந்தியா ஏறிய படிகளைப் பாருங்கள். 1992-ல் சில துறைகளுக்கு மட்டும் பேச்சுவார்த்தைக் கூட்டாளி. 1995-ல் முழுக் கூட்டாளி. 1996-ல் ஆசியானின் பாதுகாப்பு மன்றத்தில் இடம். 2002-ல் முதல் உச்சி மாநாடு. 2003-ல் நட்பு, ஒத்துழைப்பு உடன்படிக்கை. 2012-ல் 'உத்திசார் கூட்டாண்மை'. 2022-ல் அதற்கு முன்னால் 'விரிவான' என்று ஒரு சொல் சேர்ந்தது.

அந்த ஒரு சொல்லுக்குப் பத்து வருடம். முதல் படியிலிருந்து கணக்குப் போட்டால் முப்பது.

சங்கத்துக்கென்றே ஒரு தூதர்

இந்தோனேசியாவுக்கு இந்தியத் தூதர் ஜகார்த்தாவில் இருக்கிறார். அதே ஊரில் ஆசியானுக்கென்று இன்னொரு இந்தியத் தூதரும் இருக்கிறார். அதற்கான அலுவலகம் 2015-ல் திறந்தது. ஒவ்வொரு நாட்டு வாசலிலும் தனித்தனியாக நிற்பது ஒரு வேலை, எல்லோரும் கூடும் இடத்தில் உட்கார்ந்திருப்பது வேறு வேலை.

ஒரே மேடையில் பத்துப் பேர்

குடியரசு தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் என்றால் வழக்கமாக ஒருவர். 2018 ஜனவரி 26-ல் ஆசியானின் பத்து நாட்டுத் தலைவர்களும் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். (2025 அக்டோபரில் கிழக்குத் திமோர் சேர்ந்த பிறகு ஆசியானில் இப்போது பதினொன்று.)

நாலு பேரோடு தொடங்கிய விருந்து

1995-ல் அந்தமானில், போர்ட் பிளேரில், 'மிலன்' என்ற பெயரில் கடற்படைகளின் கூடல் ஒன்றை இந்தியா தொடங்கியது. வந்தவர்கள் நாலே பேர்: இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, இலங்கை. ஆண்டுகள் போகப் போகக் கூட்டம் பெருகி, போர்ட் பிளேர் தாங்காமல் 2022-ல் விசாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள்.

கைகுலுக்கலுக்கும் கப்பலுக்கும் நடுவே

ஆசியான் நாடுகளும் இந்தியாவும் சேர்ந்து நடத்திய முதல் கடற்படைப் பயிற்சி எப்போது? 2023 மே மாதம். முதலில் சிங்கப்பூரின் சாங்கி தளத்தில் பேச்சும் பழக்கமும், பிறகு தென்சீனக் கடலில் கப்பல்கள். 1992-ல் கைகுலுக்கியதற்கும் கப்பல்கள் ஒன்றாக ஓடியதற்கும் நடுவே 31 ஆண்டுகள்!

நீலகிரியில் படித்த நைஜீரிய ஜனாதிபதிகள்

குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் இருக்கிறது முப்படை அதிகாரிகளுக்கான பணியாளர் கல்லூரி. பிரிவினைக்கு முன் அந்தக் கல்லூரி குவெட்டாவில் இருந்தது. குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதும், இந்தியா தன் பங்குக்கு வெலிங்டனில் தொடங்கியது. ஆண்டுதோறும் நட்பு நாடுகளின் அதிகாரிகளுக்கும் அங்கே இடம் உண்டு.

1960-களில் அப்படி வந்து படித்தவர் நைஜீரியாவின் ஒலுசெகுன் ஒபசாஞ்சோ. 1970-களில் வந்தவர் அதே நாட்டின் முகமது புகாரி. இருவருமே பின்னாளில் நைஜீரியாவை ஆண்டார்கள், அதுவும் தலா இரண்டு முறை. ராணுவ ஆட்சியாளராக ஒரு முறை, தேர்தலில் வென்ற ஜனாதிபதியாக ஒரு முறை. ஊட்டி மலை ரயில் சத்தம் கேட்கும் ஊரில் படித்தவர், ஆப்பிரிக்காவின் பெரிய நாடொன்றின் தலைவராகும்போது இந்தியா அவருக்குப் புது ஊர் இல்லை. வகுப்பறையில் ஓர் இருக்கை, இதுதான் நோட்டில் இருப்பதிலேயே செலவு குறைந்த மொய். திரும்பி வருவதற்கு முப்பது, நாற்பது வருடம்கூட ஆகலாம்.

பரங்கிமலைக்கு வந்த ஆப்கன் பெண்கள்

சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு 2017 டிசம்பரில் ஆப்கானிஸ்தானின் பெண் ராணுவத்தினர் குழுவொன்று பயிற்சிக்கு வந்தது. 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனது. எழுதிய மொய் எல்லாமே திரும்பி வந்துவிடும் என்று சொல்ல முடியாது.

கப்பலுக்கும் பற்று நோட்டு

மளிகைக் கடையில் "எழுதிக்கங்க" என்று சொல்லிவிட்டுச் சாமான் வாங்குவோமே, போர்க்கப்பல்களுக்கும் அந்த வசதி உண்டு. 2016 ஆகஸ்டில் இந்தியாவும் அமெரிக்காவும் ஓர் ஏற்பாட்டில் கையெழுத்திட்டன. ஒருவர் துறைமுகத்தில் மற்றவர் எரிபொருள், தண்ணீர், உணவு, உதிரிப் பாகம் எடுத்துக்கொள்ளலாம். கணக்கைப் பிறகு தீர்க்கலாம். நிரந்தரத் தளம் கிடையாது, கேட்டதும் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. 2020-ல் ஆஸ்திரேலியாவோடும் ஜப்பானோடும் இதே மாதிரி ஏற்பாடு வந்தது.

காட்டுப்பள்ளியில் பதினொரு நாள்

2022 ஆகஸ்ட் 7. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் எல் அண்ட் டி கப்பல் கட்டும் தளத்துக்கு 'சார்லஸ் ட்ரூ' என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வந்து சேர்ந்தது. பீரங்கியோடு மிரட்டுகிற கப்பல் அல்ல. மற்றக் கப்பல்களுக்குச் சாமானும் வெடிபொருளும் கொண்டுபோய்க் கொடுக்கும் சரக்குக் கப்பல். வந்த காரியம் பழுது பார்ப்பது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுது பார்க்கப்பட்டது அதுவே முதல் முறை. பதினொரு நாளுக்கான வேலை.

இதில் என்ன பெரிய விஷயம்? லாரி வைத்திருப்பவரைக் கேளுங்கள். தெரியாத ஊரில் தெரியாத பட்டறையில் வண்டியை விடமாட்டார். பானெட்டைத் திறந்து காட்டுவதென்றால் மெக்கானிக் மேல் நம்பிக்கை வேண்டும். கடற்படைக் கப்பல் விஷயத்தில் அந்த நம்பிக்கை பத்து மடங்கு வேண்டும். 2023-ல் அதே தளத்துக்கு 'மேத்யூ பெர்ரி', 'சால்வர்' என்று இன்னும் இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் வந்தன. அந்த ஆண்டே, ஒவ்வொரு முறையும் தனியாகப் பேசி முடிக்காமல் தொடர்ந்து வேலை தருவதற்கான ஒப்பந்தமும் ஆனது. 2024-ல் பிரிட்டிஷ் கடற்படையின் துணைக் கப்பல்கள் இரண்டு அதே வாசலில் வந்து நின்றன. நல்ல பட்டறையின் பேர் அப்படித்தான் பரவும்.

சூலூர் வானத்தில் நாலு கொடி

நேட்டோவோடு இந்தியாவுக்கு முறையான கூட்டு எதுவும் கிடையாது. ஆனால் 2024 ஆகஸ்டில் கோவை சூலூர் விமானப்படைத் தளத்தில் நடந்த 'தரங் சக்தி' பயிற்சிக்கு வந்தவர்கள் யார் தெரியுமா? ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன். நான்குமே நேட்டோ நாடுகள். சங்கத்தோடு ஒட்டவில்லை, சங்கத்துக்காரர்களோடு வீடு வீடாகப் போக்குவரத்து உண்டு.

அலையில் பிறந்த நால்வர்

'குவாட்' என்ற நாலு நாட்டுக் கூட்டைச் சொன்னதும் சீனா நினைவுக்கு வரும். அதன் வேர் இருப்பது நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்ட சுனாமியில். 2004 டிசம்பர் 26 அன்று நம் கரையே பிணக்காடாகக் கிடந்தது. அந்த நிலையிலும் சில மணி நேரத்தில் இந்தியக் கடற்படையின் கப்பலும் ஹெலிகாப்டரும் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கிளம்பின. பிறகு இந்தோனேசியாவுக்கும் போயின. மீட்புப் பணியை ஒருங்கிணைக்க அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா, இந்தியா நால்வரும் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். சில நாளில் வேலையை ஐ.நா.விடம் ஒப்படைத்துவிட்டுக் குழு கலைந்தது.

ஆனால் யாரால் எதைச் செய்ய முடியும் என்று அந்தச் சில நாளில் நால்வருக்கும் தெரிந்துவிட்டது. 2007-ல் மணிலாவில் குவாட்டின் முதல் கூட்டம். அந்தச் செப்டம்பரில் சிங்கப்பூரும் சேர வங்காள விரிகுடாவில் ஐந்து நாட்டுக் கடற்படைகளின் பயிற்சி. அப்புறம் பத்து வருடம் பேச்சு மூச்சில்லை. 2017-ல் மறுபடி மணிலாவிலேயே கூடினார்கள். 2021 மார்ச்சில் தலைவர்கள் அளவில் முதல் சந்திப்பு. இழவு வீட்டில் தோள் கொடுத்தவர்களின் பழக்கம்தான் இந்த அளவுக்கு வந்தது.

தஞ்சாவூரிலும் மணிலாவிலும்

2020 ஜனவரியில் தஞ்சாவூர் தளத்தில் பிரமோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய் விமான அணி நிலைகொண்டது. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் அதே பிரமோஸின் கரையோர வகையை வாங்க ஒப்பந்தம் போட்டது. மதிப்பு சுமார் 37.5 கோடி டாலர். 2024 ஏப்ரலில் முதல் தொகுதி போய்ச் சேர்ந்தது. ஆயுதம் விற்றால் உறவு அன்றோடு முடிவதில்லை. பயிற்சி, உதிரிப் பாகம், பராமரிப்பு என்று பல ஆண்டுக்கு நீளும்.

கப்பலையே மொய் எழுதியது

32 ஆண்டு ஓடிய 'கிர்பான்' என்ற ஏவுகணைக் கப்பலை, ஓடும் நிலையிலேயே, 2023 ஜூலையில் இந்தியா வியட்நாமுக்குச் சும்மா கொடுத்தது. காம் ரான் துறைமுகத்தில் கைமாறியது. மொய் நோட்டில் இது நகைக் கணக்கு!

போடி ஏலக்காயும் ஏடன் வளைகுடாவும்

போடி ஏல மையத்தில் விலை போகும் ஏலக்காயை விரும்பி வாங்கும் நாடு சவூதி அரேபியா. கொச்சியில் கப்பலேறும் மூட்டை ஜெட்டாவுக்குப் போக வேண்டுமென்றால் ஏடன் வளைகுடாவையும் பாப் எல் மண்டேப் நீரிணையையும் தாண்டியாக வேண்டும். அந்த ஏடன் வளைகுடாவில் 2008 அக்டோபர் முதல் இந்தியக் கடற்படை காவல் சுற்றுகிறது. அதே நீரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடற்படையும் சுற்றுகிறது. 2021 ஜூனில் இரண்டும் சேர்ந்து பயிற்சி நடத்தின.

2024 மார்ச் 16. கடத்தப்பட்டிருந்த 'ரூயென்' என்ற சரக்குக் கப்பலை, இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் தள்ளி, 40 மணி நேரம் விரட்டி மீட்டது இந்தியக் கடற்படை. விமானத்திலிருந்து கமாண்டோக்கள் கடலில் குதித்தார்கள். 35 கொள்ளையர்கள் சரணடைந்தார்கள், மாலுமிகள் 17 பேரும் பிழைத்தார்கள். அவர்களில் ஏழு பேர் பல்கேரியர். பல்கேரியா ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் இருக்கும் நாடு. கூட்டணி ஒப்பந்தம் இல்லாத இடத்திலும் உறவு இப்படி ஒரு வரி முன்னேறும்.

பக்கத்து வீட்டுப் பழக்கம்

இந்தியா, மாலத்தீவு கடலோரக் காவல் படைகள் 1991 முதல் 'தோஸ்தி' பயிற்சி நடத்துகின்றன. 2012-ல் இலங்கையும் சேர்ந்தது. 2011-ல் இந்த மூன்று நாட்டுப் பாதுகாப்பு ஆலோசகர்கள் கூடத் தொடங்கியது, நடுவில் சில ஆண்டு தூங்கி, 2020-ல் விழித்தது. அதுதான் இன்றைய கொழும்புப் பாதுகாப்பு மாநாடு. மொரீஷியஸ், வங்கதேசம் எனப் பிறகு ஆள் சேர்ந்தார்கள். அதற்கென்று எழுத்தில் ஒரு சாசனம் வந்தது 2024 ஆகஸ்டில்தான். பழக்கம் முதலில், பத்திரம் பிறகு!

ஒரே கப்பலில் ஒன்பது நாடு

2025 ஏப்ரலில் கார்வாரிலிருந்து கிளம்பிய 'சுனயனா' கப்பலில் இந்திய மாலுமிகளோடு ஒன்பது நட்பு நாடுகளின் 44 பேரும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். அதே மாதம் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் ஆப்பிரிக்க நாடுகளோடு முதல் பெரிய கடற்பயிற்சி நடந்தது. அதற்கு வைத்த பெயர் 'ஐக்யமே'.

எதிரி எழுதி வைத்த தமிழ்க் கூட்டணி

இந்த நோட்டுக்குப் பழைய பக்கங்களும் உண்டு. புவனேசுவரம் அருகே உதயகிரிக் குன்றில் கலிங்க மன்னன் காரவேலனின் ஹாதிகும்பா கல்வெட்டு இருக்கிறது. வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. தமிழ் நாட்டரசுகளின் கூட்டணி ஒன்றைத் தான் உடைத்ததாக அதில் அவன் பெருமைப்பட்டுக்கொள்கிறான். கூட்டணியின் வயதை 113 ஆண்டு என்று சிலர் படிக்கிறார்கள், 1,300 என்று சிலர். குறைந்த கணக்கை எடுத்தாலும் நேட்டோவைவிட மூத்தது!

செப்பேட்டில் ஏறிய மொய்

ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் எடுத்த சூளாமணி விகாரத்துக்கு, ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தான் ராஜராஜன். லெய்டன் செப்பேடுகள் சொல்வது அதைத்தான். ஏறத்தாழ இருபது ஆண்டில், 1025-ல், அதே ஸ்ரீவிஜயத்தின் மேல் கப்பல் படை அனுப்பினான் மகன் ராஜேந்திரன். செம்பில் எழுதினாலும் உறவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கூட்டணி

கொடைக்கானல் மலைக்கு இந்தப் பக்கம் தேவதானப்பட்டி, அந்தப் பக்கம் விருப்பாச்சி. சிறிய பாளையம், ஆனால் அதன் பாளையக்காரர் கோபால் நாயக்கர் கை நீட்டிய தூரம் பெரிது. கணவரை இழந்து வந்த வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் தந்தது விருப்பாச்சி. மைசூர் ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் அவர் சிவகங்கையை மீட்டார்.

இருபது ஆண்டு கழித்துக் கோபால் நாயக்கர் இன்னும் பெரிதாக யோசித்தார். கொங்கில் தீரன் சின்னமலை, சிவகங்கையில் மருது சகோதரர்கள், மலபாரில் கேரளவர்மா, வடக்கே தூந்தாஜி வாக். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராக மொழி, மதம், மலை தாண்டி ஒரே வலை. 1800 ஜூன் 3-ல் கோவைக் கோட்டையைப் பிடிக்க வகுத்த திட்டம் தோற்றது. செப்டம்பரில் தூந்தாஜி வாக் போர்க்களத்தில் விழுந்தார். 1801-ல் கோபால் நாயக்கரும் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள்.

வீரத்துக்குக் குறைவில்லை, எண்ணத்திலும் பிழையில்லை. ஆனால் சேர்ந்து பழக நேரமில்லை. திண்டுக்கல்லிலிருந்து மலபாருக்கு ஆள் நடந்து போய்ச் சேதி சொல்லும் காலம். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சண்டை போட்டார்கள், தனித்தனியாக வீழ்ந்தார்கள். இன்று கடற்படைகள் ஆண்டுதோறும் ஒத்திகை பார்ப்பதும், குருகிராமில் 2018-ல் திறந்த தகவல் மையத்தில் பல நாட்டு அதிகாரிகள் பக்கத்து மேசைகளில் உட்கார்ந்து கப்பல் நடமாட்டத்தைப் பகிர்ந்துகொள்வதும் இந்தக் குறைக்குத்தான் மருந்து.

கடைசியாக ஒன்று

இனி நாளிதழில் கூட்டுப் பயிற்சிப் படம் வந்தால், எத்தனை கொடி பறக்கிறது என்று எண்ணாதீர்கள். இது எத்தனையாவது முறை என்று தேடுங்கள், பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். இந்தியாவும் சிங்கப்பூரும் 1994-ல் தொடங்கிய 'சிம்பெக்ஸ்' பயிற்சி, ஓர் ஆண்டுகூட விடாமல், 2024-ல் 31-வது முறையாக நடந்தது.